சும்மா கிடைக்கும் சாப்ட்வேர், சும்மா கிடைக்காத வாத்தியார்!

குலசேகரத்தில் பஸ் ஏறினால் அருமனை, அதைத் தாண்டினால் பனச்சமூடு. அங்கே ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா.

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிக்கு முன் இரண்டு பக்கமும் ஒரே மாநிலம். இன்றும் ரப்பர் விலையை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் மட்டும் வேறு வேறு!

அந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஓடுவது கட்டற்ற மென்பொருள். லினக்ஸ் அந்த ஜாதிதான். லைசென்சு பணம் கிடையாது. பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பிள்ளை வீட்டுக்கும் ஒரு காப்பி கொண்டு போகலாம். திருட்டு அல்ல. போலீஸ் வராது!

கேரளாவில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் வந்தது 2001-ம் ஆண்டு. முதலில் அங்கேயும் விண்டோஸ்தான். பிறகு மெல்ல மாறினார்கள். 2007-ல் எஸ்.எஸ்.எல்.சி. கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வையே கட்டற்ற மென்பொருளில் மட்டும் நடத்தினார்கள்.

2019-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். 2 லட்சம் கம்ப்யூட்டர், ஒன்றுக்கு 1½ லட்சம் ரூபாய், ஆக 3 ஆயிரம் கோடி மிச்சம்! இது கொஞ்சம் பெரிய கணக்குத்தான். எல்லா சாப்ட்வேரையும் கடை விலைக்கு வாங்கினால்தான் இவ்வளவு வரும். மொத்தமாக வாங்கும் அரசாங்கம் பேரம் பேசாதா? சரி, கால்வாசி என்றே வைத்துக் கொள்வோம். அதுவும் 750 கோடி!

அப்படியானால் செலவே இல்லையா? உண்டு. வாத்தியாருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், பாடப் புத்தகம் எழுத வேண்டும், மிஷின் நின்றால் ஓடிவர ஆள் வேண்டும். கேரளம் அந்தச் செலவைச் செய்தது. வாத்தியார்களிலேயே சிலரைப் பொறுக்கித் தயார் செய்து, மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தது.

நம் பக்கம் என்ன நடந்தது? 2011-ல் இலவச லேப்டாப் வந்தது. ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் விண்டோசும் இருந்தது, பாஸ் லினக்சும் இருந்தது. பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்தது. அதை எத்தனை பிள்ளைகள் திறந்து பார்த்தார்கள்? திறந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

ரப்பர் கன்றைச் சும்மா கொடுத்துவிடலாம். பால் வெட்டத் தெரிந்த கை இல்லாவிட்டால் ஷீட் எங்கிருந்து வரும்?

"வேலைக்குப் போனால் வேர்டும் எக்செலும்தானே சார் கேட்கிறான்?" என்பார்கள் பெற்றோர். நியாயமான கேள்வி. ஆனால் ஹெர்குலிசில் சைக்கிள் படித்தவன் ராலேயில் ஏறினால் விழுந்தா விடுவான்? நம் பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் பயன்பாடுகள் பாடத்திலேயே ஓப்பன் ஆபீஸ்தான் இருக்கிறது. அதில் கடிதம் அடித்து, பட்டியல் போட்டுப் பழகிய பிள்ளைக்கு மற்றது சில நாள் வேலை. டாலி மட்டும் விதிவிலக்கு. கடைக் கணக்குக்குப் போகிறவனுக்கு விண்டோஸ் வேண்டும். அதை மறைத்துப் பேசுவது சரியல்ல.

இப்போது இன்னொரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கு வந்து கொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பழைய மிஷின் பல, விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு எடை போடுவதா? லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும். பிள்ளைகள் பழக அது போதாதா?

விண்டோசைத் தூக்கி எறி என்று நாம் சொல்லவில்லை. ஒரே மிஷினில் இரண்டும் இருக்கட்டும். பள்ளிக்கு ஒரு வாத்தியாருக்குக் கோடை லீவில் 10 நாள் பயிற்சி கொடுங்கள். மிஷின் நின்றால் போன் போட ஒன்றியத்துக்கு ஓர் ஆளைப் போடுங்கள். லேப்டாப்புக்குக் கோடிகளை எடுத்து வைத்த கல்வித்துறை, இந்த இரண்டுக்கும் எவ்வளவு ஒதுக்கப் போகிறது?