விடுமுறைக்கு முன் முகத்துக்கு மெருகு: அவசரம் ஆபத்து!

இங்கிலாந்து குளிர் நாடு. வருஷத்தில் பல மாதங்கள் அங்கே வானம் மூட்டமாகவே இருக்கும். வெயில் என்றால் அந்த நாட்டு மக்களுக்குக் கொள்ளை ஆசை.

ஜூலை மாதக் கடைசியில் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விடுவார்கள். உடனே குடும்பம் குடும்பமாக விமானம் ஏறுவார்கள். ஸ்பெயின், கிரீஸ், துருக்கி நாடுகளின் கடற்கரைகளில் போய் இறங்குவார்கள். ஒரு வாரமோ, இரண்டு வாரமோ வெயிலில் கிடந்து, கடலில் நீந்தி, போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

இப்போது இந்தப் பயணத்துக்குப் புதிதாக ஓர் ஏற்பாடும் சேர்ந்துகொண்டது. புதுத் துணி வாங்குவது போல, புது முகமும் வாங்கப் பார்க்கிறார்கள்! நெற்றிச் சுருக்கம் மறைய ஒரு ஊசி. உதடு பருக்க ஒரு ஊசி. தோலை உரித்து மினுமினுப்பாக்க ஒரு திராவகம். முடியை அகற்ற லேசர் ஒளி. இவை எல்லாம் விமானம் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள்.

அந்த அவசரத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

38 பேருக்கு விஷம்

2025-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி முதல் ஜூலை 14-ந் தேதி வரை இங்கிலாந்தில் 38 பேர் ஒரே மாதிரியான நோயில் விழுந்தார்கள். சிலருக்குப் பேச்சு குழறியது. சிலருக்கு உணவு விழுங்க முடியவில்லை. சிலருக்கு மூச்சுத் திணறியது.

பொதுச் சுகாதார அதிகாரிகள் விசாரித்தார்கள். எல்லோரும் முகச் சுருக்கம் போக ஊசி போட்டுக்கொண்டவர்கள்! உரிமம் பெறாத மருந்து உபயோகிக்கப்பட்டிருக்கலாம் என்று விசாரணையில் தெரிந்தது.

இந்த ஊசி மருந்தை "போடாக்ஸ்" என்ற வியாபாரப் பெயரால் எல்லோரும் அழைக்கிறார்கள். இது ஒருவகைக் கிருமி உண்டாக்கும் விஷம். கெட்டுப்போன டப்பா உணவில் தோன்றி ஆளைக் கொல்லுகிற அதே விஷம்தான். இதை அணு அளவு எடுத்துப் பக்குவப்படுத்தினால் மருந்தாகிறது. அது தசையைத் தற்காலிகமாகச் செயல் இழக்கச் செய்யும். தசை சுருங்காவிட்டால், மேலே உள்ள தோலும் சுருங்காது. முகம் வழவழப்பாகத் தெரியும்.

முதலில் மாறுகண், கண் துடிப்பு ஆகிய கோளாறுகளுக்குத்தான் இந்த மருந்து பயன்பட்டது. 1989-ல் அமெரிக்க அரசாங்கம் அதற்கு அனுமதி கொடுத்தது. புருவங்களுக்கு நடுவில் விழும் கோடுகளைப் போக்க 2002-ல் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிறது.

சரியான மருந்தை, சரியான அளவில், படித்த டாக்டர் போட்டால் பயம் குறைவு. அளவு தெரியாத சரக்கைப் போட்டால்? விஷம் உடம்பில் பரவும். அதன் அறிகுறிகள் சில நாட்களிலும் தோன்றலாம்; 4 வாரம் வரை பொறுத்தும் தோன்றலாம்.

இங்கேதான் விடுமுறைக் கணக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை ஊசி போட்டுக்கொண்டு சனிக்கிழமை விமானம் ஏறினவர், பேச்சுக் குழறும்போது எங்கே இருப்பார்? மொழி தெரியாத ஊரில், கடற்கரை ஓட்டலில் இருப்பார். ஊசி போட்டவரோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பார்!

யார் வேண்டுமானாலும் போடலாமா?

"இங்கிலாந்தில் சட்டம் இல்லையா?" என்று கேட்கத் தோன்றும். சட்டம் இருக்கிறது. அதில் ஓட்டையும் இருந்தது.

போடாக்ஸ், டாக்டர் சீட்டு வேண்டிய மருந்து. ஆனால், கன்னத்திலும் உதட்டிலும் செலுத்துகிற "ஃபில்லர்" என்ற பசைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மருத்துவம் படிக்காதவர்களும், தலை அலங்காரக் கடையில், சொந்த வீட்டில், ஓட்டல் அறையில் வைத்து அதைச் செலுத்தி வந்தார்கள்.

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அழகுக்காக இந்த ஊசிகளைப் போடக்கூடாது என்று 2021 அக்டோபரில் தடை வந்தது. ஊசி போடுகிறவர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று விதி செய்ய 2022-ல் ஒரு சட்டம் அதிகாரம் கொடுத்தது. ஆனால், விதி எழுதுவதில் வருஷங்கள் ஓடின. 2025 ஆகஸ்டில்தான், "அபாயம் மிகுந்த சிகிச்சைகளைத் தகுதி பெற்ற மருத்துவத் துறையினர் மட்டுமே செய்யும்படி சட்டம் கொண்டு வருவோம், மற்றவற்றுக்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும்" என்று பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது.

சட்டம் நத்தை போல நகர்ந்தது. வியாபாரம் குதிரை போல ஓடியது. நடுவில் அகப்பட்டவர்கள் பொதுமக்கள்.

தோல் என்பது குடை

சட்டம் சரியாகி, நல்ல டாக்டர் கிடைத்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. எப்போது செய்துகொள்வது?

நம் தோலில் "மெலனின்" என்ற நிறப்பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் உடம்புக்குள் இறங்கிக் கெடுதல் செய்யாமல் அது தடுக்கிறது. அதாவது, இயற்கை நமக்குக் கொடுத்த குடை அது. வெயிலில் நின்றால் தோல் கறுப்பது, குடை விரிவதுதான்!

திராவகம் போட்டுத் தோலை உரிக்கும்போது என்ன நடக்கிறது? மேல் தோல் போய், இளந்தோல் வெளியே வருகிறது. அது பிறந்த குழந்தையின் தோல் போல மென்மையானது. வெயிலைத் தாங்காது. எரியும், சிவக்கும், பிறகு திட்டுத் திட்டாகக் கறுக்கும். அழகுக்குச் செய்ததே அலங்கோலமாகிவிடும்.

பழங்களிலும் கரும்பிலும் உள்ள அமிலங்களைச் சேர்த்த முகக் களிம்புகளும் அப்படித்தான். அவற்றை உபயோகிக்கும் நாட்களிலும், நிறுத்தின பிறகு ஒரு வாரத்துக்கும் வெயிலில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் சொல்லியிருக்கிறது.

லேசரின் கதை வேறு. முடியின் வேரில் உள்ள கறுப்பு நிறத்தைத் தேடிப் போய் அதைச் சுடுவதே லேசரின் வேலை. அதற்கு முடியும் ஒன்றுதான், கறுத்த தோலும் ஒன்றுதான்! கடற்கரையில் காய்ந்து கறுத்து வந்தவர் மறுநாளே லேசர் செய்துகொண்டால், ஒளி தோலையே சுட்டுக் கொப்புளமாக்கும். அதனால்தான் வெயிலில் காய்ந்த பிறகு குறைந்தது 4 வாரமாவது பொறுக்கும்படி டாக்டர்கள் சொல்லுகிறார்கள்.

எதற்கு எத்தனை நாள்?

தோல் டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது:

போடாக்ஸ்: பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். முழுப் பலன் தெரிய 2 வாரம் ஆகும். ஆகவே, பயணத்துக்கு 2 வாரம் முன்னதாகவே போட்டு முடிக்க வேண்டும். பலன் 3, 4 மாதம் இருக்கும். ஒரு மாதம் முன்னால் போட்டாலும் நஷ்டம் இல்லை.

ஃபில்லர்: வீக்கமும் ரத்தக் கட்டும் வடிய 1 வாரம் முதல் 2 வாரம் வரை ஆகலாம். அபூர்வமாக, பசை ரத்தக் குழாயை அடைத்துவிடும். அப்போது தோல் அழுகும். கண் பார்வைகூடப் போகலாம். உடனே மாற்று மருந்து செலுத்த டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். எனவே, பயணத்துக்கு 2 வாரமாவது முன்னதாக. 4 வாரம் என்றால் இன்னும் நல்லது.

தோல் உரிப்பு: மேலோட்டமாக உரித்தால் ஒரு வாரத்துக்குள் ஆறும். ஆழமாக உரித்தால் ஆற 2 வாரமாகும். சிவப்பு மாறப் பல மாதம் ஆகலாம். வெயில் விடுமுறைக்கு முன் இதைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

முடி அகற்றும் லேசர்: ஒரு தடவையில் முடியாது. சில வாரங்கள் இடைவெளி விட்டுப் பல தடவை செய்ய வேண்டும். ஆகஸ்டு மாத விடுமுறைக்குக் குளிர் காலத்திலேயே ஆரம்பிக்க வேண்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. இந்தச் சிகிச்சைகளுக்கு ஏற்ற காலம் கோடைக்கு முந்திய வாரம் அல்ல. வெயில் தணிந்த காலமே ஏற்ற காலம். ஆனால், கூட்டம் கோடையில்தான் சேருகிறது. அவசரப்படுகிறவர் விசாரிப்பதில்லை, விலை மலிவாகத் தெரிந்தால் போதும் என்று போய்விடுகிறார். அவர்களை நம்பித்தான் போலி மருந்துக்காரன் கடை விரிக்கிறான்.

மச்சத்தில் கவனம்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரிட்டனில் ஆண்டுதோறும் 17 ஆயிரம் பேருக்கு மேல் "மெலனோமா" என்ற கொடிய தோல் புற்றுநோய் வருகிறது. வெள்ளைத் தோலும், விடுமுறையில் திடீரென்று படுகிற கடும் வெயிலும் சேர்ந்தால் இந்த நோய்க்கு வழி பிறக்கிறது.

அது முதலில் சாதாரண மச்சம் போலத் தோன்றும். "அசிங்கமாக இருக்கிறது" என்று லேசர் கடையில் அதைச் சுட்டு அழித்தால் மேலே அடையாளம் மறையும். உள்ளே நோய் வளரும். வளர்கிற, நிறம் மாறுகிற, ரத்தம் கசிகிற மச்சத்தை டாக்டர் பார்க்கும் முன் யாரும் தொடக்கூடாது.

நமக்கு என்ன?

"இது வெள்ளைக்காரர் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று நினைக்க வேண்டாம்.

அமெரிக்க டாக்டர் பிட்ஸ்பாட்ரிக் 1975-ல் மனிதத் தோலை வெயில் தாங்கும் சக்தியைக் கொண்டு வகை பிரித்தார். முதலில் வெள்ளைத் தோலை மட்டும் பிரித்தார். பிறகு பழுப்பு, கறுப்புத் தோலும் சேர்ந்து 6 வகை ஆயிற்று. தமிழர்களில் பெரும்பாலோர் பிந்திய வகைகளில் வருகிறார்கள். லண்டனில் இருந்தாலும், மதுரையில் இருந்தாலும் தோல் ஒன்றுதான்.

நம் தோலுக்கு ஒரு நன்மை, ஒரு தீமை. வெயில் புற்றுநோய் நமக்குக் குறைவு. ஆனால், தோலில் புண்ணோ, சூடோ பட்டால் அந்த இடம் கறுத்துவிடும். பருவைக் கிள்ளினவர்கள் இதை அறிவார்கள். உரிப்பிலும் லேசரிலும் தவறு நேர்ந்தால் அந்தக் கறுப்பு மறையப் பல மாதங்கள் ஆகும். வெயில் பட்டால் இன்னும் நீடிக்கும்.

நம் ஊரில் கல்யாணம், திருவிழா, கோடை விடுமுறை எல்லாம் வெயில் காலத்தில்தான் வருகின்றன. முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது பெண்ணை அழகு நிலையத்துக்கு அழைத்துப் போய் முகத்தை உரிக்கச் சொல்லுகிறார்கள். மறுவாரம் மணமக்கள் கொடைக்கானல் போகிறார்கள்.

மலையில் குளிர்ச்சிதானே என்று நினைப்பது தவறு. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரின் வேகமும் கூடும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவிகிதம் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உடம்புக்குச் சூடு தெரியாது. ஆனால் தோல் கருகும்! மெல்லிய மேகமும் இந்தக் கதிரை அதிகம் தடுக்காது.

ஒரு வேடிக்கை பாருங்கள். வெள்ளைக்காரர் தோல் கறுக்க வேண்டும் என்று வெயிலில் படுக்கிறார். நாம் வெளுக்க வேண்டும் என்று களிம்பு பூசுகிறோம். இருவரும் செலவழிப்பது காசு. இருவரும் பணயம் வைப்பது தோல்.

கேட்க வேண்டிய கேள்விகள்

சிகிச்சைக்குப் போகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன் ஐந்து கேள்வி கேட்க வேண்டும்.

ஊசி போடுகிறவர் டாக்டரா? மருந்துப் புட்டியின் பெயரைக் காட்டுவாரா? என் நிறத்துத் தோலுக்கு இந்த லேசர் ஏற்றதா? நான் எத்தனை நாள் வெயிலில் போகக்கூடாது? இரவில் வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் யாரைக் கூப்பிடுவது?

இந்த ஐந்துக்கும் பதில் வராத இடத்தில், நாற்காலி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும்.

பிறகு வெயிலில் போக நேர்ந்தால் தொப்பி, குடை, நிழல் இவையே முதல் மருந்து. 30 அல்லது அதற்கு மேல் எண்ணிட்ட வெயில் தடுப்புக் களிம்பைத் தாராளமாகப் பூசிக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். காலையில் பூசினது மாலை வரை காக்காது.

பயணத் தேதியை விமானக் கம்பெனி மாற்றித் தரும். முகூர்த்தத் தேதியைக்கூடப் பெரியவர்கள் மாற்றுவார்கள். ஆனால், தோல் ஆறுகிற தேதியை யாராலும் மாற்ற முடியாது. முதலில் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, பிறகு மற்றவற்றை முடிவு செய்வதே நல்லது.