கயிற்றுக்கு அப்பால் காத்திருக்கும் ஆபத்து!

பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு வெள்ளை வளைவு நிற்கிறது.

மாலையில் காற்று வாங்க வருகிறவர்கள் அதன் அருகே உட்காருகிறார்கள். சுண்டல் வாங்கித் தின்கிறார்கள். குழந்தைகள் மணலில் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள்.

அது அழகுக்காகக் கட்டிய வளைவு அல்ல. ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டு மாலுமியின் நினைவுச் சின்னம். 1930-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற உதவியபோது அவர் மூழ்கி இறந்தார்.

கடல் பார்ப்பதற்கு அமைதியாகத்தான் இருக்கிறது. கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்பவருக்குப் பயம் இல்லை. இன்னும் சில அடி போனால், காலுக்குக் கீழே நீரோட்டம் இழுக்கிறது. "இதுதான் எல்லை" என்று கடலில் யாரும் கோடு போட்டு வைப்பது இல்லை.

இப்படி ஓர் எல்லை பனிமலையிலும் இருக்கிறது. காஷ்மீரில் உள்ள குல்மார்க்கில் அந்த எல்லையைத் தாண்டிச் சென்றவர்களில் சிலர், 2023-லும் 2024-லும் உயிரோடு திரும்பவில்லை.

தொட்டபெட்டா உயரத்தில் ஓர் ஊர்

குல்மார்க், ஸ்ரீநகரில் இருந்து சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கோடையில் பச்சைப் புல்வெளி. குளிர் காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெண்பனி.

ஊட்டியில் உள்ள தொட்டபெட்டா சிகரம் எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில் இந்த ஊரே இருக்கிறது! அதாவது சுமார் 8,700 அடி.

ஊரில் இருந்து ரோப் கார் புறப்படுகிறது. பழனி மலையில் ஓடும் ரோப் கார் போன்றதுதான். ஆனால் இது இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதல் கட்டம் 1998-ல் தொடங்கியது. இரண்டாவது கட்டம் 2005-ல் தொடங்கியது.

இரண்டாவது கட்டத்தில் ஏறியவர் இறங்கும் இடம் அபர்வத் மலை. உயரம் சுமார் 13,000 அடி!

பனிச்சறுக்கு நடக்கும் ஊர்களில், மலையின் ஒரு பகுதியைக் காவல் குழுவினர் கவனித்துக் கொள்வார்கள். சரிந்து விழக்கூடிய பனியை முன்கூட்டியே வெடி வைத்துச் சரித்து விடுவார்கள். எல்லையில் கயிறு கட்டுவார்கள். எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள்.

குல்மார்க்கிலும் ரோப் காரை ஒட்டிய பகுதிக்குத்தான் இந்தக் காவல். அதற்கு அப்பால் இருப்பது காவல் இல்லாத காட்டுப் பனி.

ஏன் போகிறார்கள்?

கயிற்றுக்கு அப்பால் ஏன் போக வேண்டும்? யாருடைய தடமும் படாத புதுப் பனியில் சறுக்குவதில் தனி இன்பம் இருக்கிறது. அதற்காக உலகின் பல மூலைகளில் இருந்தும் குல்மார்க்குக்கு வருகிறார்கள்.

இந்த விளையாட்டுக்கு என்று ஒரு முறை உண்டு. சறுக்குப் பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டுவார்கள். அந்தப் பட்டை முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. முன்பு அதை சீல் என்ற கடல் விலங்கின் தோலில் செய்தார்கள். இப்போது நைலானிலும் ஆட்டு ரோமத்திலும் செய்கிறார்கள்.

பட்டையை ஒட்டிக்கொண்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்து, மணிக்கணக்கில் மலை ஏறுவார்கள். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள்.

நடந்து ஏறுவதில் ஒரு நன்மை உண்டு. ஏறுகிறவர் வழி நெடுகப் பனியைப் பார்க்கிறார். மிதிக்கிறார். பனி இறுகி இருக்கிறதா, உள்ளே பொதபொத என்று இருக்கிறதா என்று அவருக்குத் தெரிகிறது. சந்தேகம் வந்தால் பாதி வழியில் திரும்பி விடுவார்.

ரோப் காரில் வருகிறவருக்கு இந்தப் பாடம் கிடைப்பது இல்லை. சில நிமிடங்களில் உச்சிக்கு வந்து விடுகிறார். பல ஆண்டு பழகியவர் நிற்க வேண்டிய இடத்தில், டிக்கெட் வாங்கியவர் நிற்கிறார்!

ஆபத்தின் ஆணிவேர் இதுதான்.

கேழ்வரகின் மேல் வைத்த பலகை

பனி எப்படிச் சரிகிறது?

சாய்வான தரையில் கேழ்வரகைக் கொட்டிப் பரப்புங்கள். அதன் மேல் ஒரு பலகையை வையுங்கள். பலகை அப்படியே நிற்கும். ஒரு குழந்தை அதன் மேல் கால் வைத்தால் என்ன ஆகும்? பலகையும் குழந்தையும் சேர்ந்து சறுக்கிக் கொண்டு கீழே வரும்.

மலையிலும் இதுதான் நடக்கிறது. மழை போல் பனி பல தடவை பெய்து, அடுக்கடுக்காகப் படிகிறது. அடியில் ஓர் அடுக்கு சீனி போல் உதிரியாக இருக்கும். அதன் மேல் புதுப் பனி கெட்டியாகப் படியும். சாய்வு 30 டிகிரிக்கு மேல் இருந்தால் ஆபத்து. ஒரு மனிதரின் எடை பட்டால் போதும். மலையின் ஒரு பக்கமே பெயர்ந்து கிளம்பும்!

பனிச்சறுக்குக்காரர்கள் சாகும் விபத்துகளில் பெரும்பாலானவற்றில், பனியைக் கிளப்பி விட்டது செத்தவரோ அவருடன் வந்தவரோதான். எமனை அவர்களே தட்டி எழுப்பி இருக்கிறார்கள்.

குல்மார்க்கில் நடந்தது

2010-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி, குல்மார்க் அருகே பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் மீது பனி சரிந்தது. 17 வீரர்கள் இறந்தார்கள். மலைப் போருக்கென்றே பயிற்சி பெறுகிறவர்களையும் பனி விடவில்லை.

2023-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, அபர்வத் மலையில் பனிச்சரிவு. போலந்து நாட்டைச் சேர்ந்த 2 பேர் இறந்தார்கள். வெளிநாட்டவர் 19 பேர் மீட்கப்பட்டார்கள்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் குல்மார்க் வறண்டு கிடந்தது. பனி இல்லையே என்று வந்தவர்கள் ஏமாந்தார்கள். மாதக் கடைசியில் பனி விழத் தொடங்கியது. பிப்ரவரியில் கொட்டித் தீர்த்தது. குல்மார்க்கில் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளும் தொடங்கின.

போட்டி நடந்து கொண்டிருந்தபோதே, பிப்ரவரி 22-ந் தேதி, மலையின் வேறு ஒரு பக்கத்தில் ரஷியர்கள் பனிச்சரிவில் சிக்கினார்கள். ஒருவர் இறந்தார். மற்றவர்கள் காப்பாற்றப்பட்டார்கள்.

கால் மணி நேரம்தான்

புதைந்தவரைச் சுமார் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால், பெரும்பாலும் பிழைத்துக் கொள்வார். அதற்கு மேல் போனால் மூச்சு முட்டி விடும். சரிந்து நின்ற பனி சிமெண்டு போல் இறுகி விடுகிறது. உள்ளே இருப்பவரால் விரலைக் கூட அசைக்க முடியாது.

ஊரில் இருந்து மீட்புக் குழு வருவதற்குள் கால் மணி நேரம் ஓடி விடும். ஆகவே, கூட வந்தவர்தான் காப்பாற்ற வேண்டும்.

அதற்கு மூன்று பொருள் தேவை. புதைந்த இடத்தைக் காட்டும் ரேடியோ கருவி, குத்திப் பார்க்க நீண்ட குச்சி, தோண்ட மண்வெட்டி. இந்த மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்து, அவரே புதைந்து போனால் என்ன பயன்?

ஐரோப்பாவில் பனிச்சரிவு ஆபத்தை 1 முதல் 5 வரை எண் போட்டு அறிவிக்கிறார்கள். அதிகம் பேர் சாவது எந்த நாளில் தெரியுமா? 5-ம் எண் நாளில் அல்ல. 3-ம் எண் நாளில்! 5 என்றால் யாரும் வெளியே போவது இல்லை. 3 என்றால், "நடுத்தரம்தானே" என்று கிளம்பி விடுகிறார்கள்.

இந்தியாவில் ராணுவ ஆராய்ச்சித் துறையின் சண்டிகர் நிலையம் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. எச்சரிக்கை வருவது மட்டும் போதாது. மலைக்குப் போகிறவர் அதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். டிக்கெட் விற்கும் இடத்திலேயே, எல்லோருக்கும் புரியும் மொழியில், அன்றைய ஆபத்தை எழுதிப் போட வேண்டும்.

குரங்கணி தந்த பாடம்

"பனிமலை எங்கேயோ இருக்கிறது, நமக்கு என்ன?" என்று இருந்துவிட முடியாது.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் என்ன நடந்தது? சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளில் இருந்து மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். மூணாறு என்ற உல்லாச ஊருக்கு அருகில்தான் அந்த மலை. புல் காய்ந்து கிடந்த காலம் அது.

அங்கே நெருப்பு, குல்மார்க்கில் பனி. ஆனால் பாடம் ஒன்றே. மலைக்குப் போக வழி தெரிந்தால் போதாது. எந்தக் காலத்தில் போகக் கூடாது என்பதும் தெரிய வேண்டும்.

அதன் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் மலையேற ஏற்பாடு செய்தது. 2025-ல் காட்டுத்தீ காலம் வந்ததும் பாதைகளை மூடியது. மலையை ஒரேயடியாகப் பூட்டி வைக்கவில்லை. காலம் பார்த்துத் திறக்கிறார்கள், காலம் பார்த்து மூடுகிறார்கள். அதுதான் சரியான வழி.

பிள்ளைகள் மலைக்குப் புறப்பட்டால், பெற்றோர் தடுக்க வேண்டியது இல்லை. மூன்று கேள்வி கேட்டால் போதும். கூட வருவது யார்? இன்றைய எச்சரிக்கை என்ன? ஆபத்து வந்தால் முதல் கால் மணி நேரத்தில் காப்பாற்றுவது யார்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும்.

ஏன் என்றால், எல்லை தாண்டுகிறவர் பணயம் வைப்பது தன் உயிரை மட்டும் அல்ல. அவரைத் தேடி ஓடுகிறவரின் உயிரையும் சேர்த்துத்தான். பெசன்ட் நகர் மணலில் அந்த வெள்ளை வளைவு நிற்பது அப்படி ஓடிய ஒருவருக்காகத்தான்.