ஓடாத நாள்கள்

ஒரு மைல் தொலைவை நான்கு நிமிடத்திற்குள் ஓடிக் கடப்பது மனித உடலால் ஆகாத காரியம் என்று பலர் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. 1954-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் ரோஜர் பானிஸ்டர் என்ற மருத்துவ மாணவர் அதனை 3 நிமிடம் 59.4 விநாடியில் செய்து காட்டினார். இச்செய்தியை நம் வாசகர்களுள் பலர் அறிந்திருப்பர். அதற்குச் சில வாரங்களுக்கு முன் நிகழ்ந்ததை அறிந்தவர் சிலரே.

குளிர்காலம் முழுவதும் பானிஸ்டரும் தோழர்களும் ஒரே விதமான பயிற்சியை மேற்கொண்டிருந்தனர். கால் மைல் ஓட்டம், இரண்டு நிமிட இடைவேளை, மீண்டும் கால் மைல். இப்படிப் பத்து முறை. வேகம் படிப்படியாகக் கூடி வந்தது. ஏப்ரலில் ஒவ்வொரு கால் மைலும் 61 விநாடி என்ற நிலையை அடைந்து அங்கேயே நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் 60-ஐ எட்ட இயலவில்லை. நாமாயின் என்ன செய்திருப்போம்? பத்து முறையைப் பன்னிரண்டாக்கியிருப்போம். அவர்களோ ஓட்டத்தையே நிறுத்தினர். பானிஸ்டரும் கிறிஸ் பிராஷர் என்ற தோழரும் இரவோடிரவாக ஸ்காட்லாந்துக்குச் சென்று சில நாள்கள் மலையேறிக் கழித்தனர். (மலையேறுவதும் ஓர் ஓய்வா என்று வாசகர் கேட்கலாம். நாமும் அதைப் பரிந்துரைக்கவில்லை.) திரும்பி வந்து ஓடியபோது அதே கால் மைல் 59 விநாடியில் முடிந்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை. பயிற்சியின்போது உடல் வலுப்பெறுவதில்லை, தேய்கிறது. தசைகளில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. தசைகள் சேமித்து வைத்த சர்க்கரை எரிந்து தீர்கிறது. பின்னர் உணவாலும் உறக்கத்தாலும் உடல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும்போதே முன்னிலும் சற்று வலுவடைகிறது. செப்பனிடும் வேலை முடியுமுன் மறுபடியும் பாரம் ஏற்றினால் கடன்மேல் கடன்தான். அக்கடன் முற்றிவிட்டால் மீண்டெழ வாரங்கள், சிலருக்கு மாதங்களும் ஆகும்.

இராணுவத்திலும் காவல் துறையிலும் சேர விரும்பி விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகள் இன்று நம் ஊர்களில் ஏராளம். இராணுவத் தேர்வுக்கு ஓடவேண்டிய தொலைவு 1,600 மீட்டர். பானிஸ்டர் ஓடிய மைலுக்கு ஒன்பது மீட்டரே குறைவு. ஒரு நாள் விட்டால் வேலை கைநழுவுமோ என்னும் அச்சம் அவர்களை விரட்டுகிறது. அவ்வச்சத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. ஒரு குடும்பத்தின் சோறே அதில் அடங்கியிருக்கிறது. ஆயினும் களைத்த உடலை மேலும் விரட்டுவதால் ஓட்டத்தின் வேகம் குறையுமேயன்றிக் கூடாது.

ஓய்வு வேண்டும் என்பதை உடலே அறிவிக்கும். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வரலாம். வழக்கத்தைவிடச் சில துடிப்புகள் தொடர்ந்து மிகுந்திருப்பின் அன்று ஓடாதிருப்பது நலம். உடல் களைத்திருந்தும் உறக்கம் வராமை, சோற்றில் வெறுப்பு, அடிக்கடி சளி, காரணமற்ற எரிச்சல் ஆகியவை வேறு அறிகுறிகள். இவற்றை ஓடுபவனுக்கு முன்னரே அவன் தாய் கண்டுகொள்வாள்! பயிற்சிக்கு மறுநாள் தோன்றும் தசைவலி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால் அது வேறு. எலும்பில் நுண்முறிவாக இருக்கலாம்.

பெண் மக்களைப் பெற்றோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். கடும் பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோவது இயல்பன்று. உழைப்புக்கேற்ற உணவு இல்லை என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். நாளடைவில் எலும்பையும் நலிவிக்கும். கூச்சம் பாராமல் மருத்துவரை அணுக வேண்டும்.

எல்லாவற்றிலும் நாம் அஞ்சுவது காய்ச்சலோடு ஓடுவதைத்தான். மூக்கடைப்பு மட்டும் இருந்தால் மெல்ல நடப்பதில் தீங்கில்லை. காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச்சளி இருக்கும்போது பயிற்சி அறவே கூடாது. காய்ச்சல் தரும் சில கிருமிகள் இதயத் தசையையும் தாக்குவதுண்டு. அந்நிலையில் கடுமையாக ஓடிய இளைஞர் திடீரென உயிரிழந்ததும் உண்டு. மாத்திரையால் சூட்டைத் தணித்துக்கொண்டு மைதானத்திற்குச் செல்வது இதனினும் கேடு. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் கழிந்தால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அபாயம் உண்டு. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒரு வாரம் ஓடாதிருப்பதால் பழகிய ஆற்றல் பெரிதும் குறைந்துவிடாது. மாத்திரையின்றியே சூடு தணிந்து, சில நாள்கள் கழிந்தபின் முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், வேகம் கடைசியில். இடையே நெஞ்சுவலியோ படபடப்போ மயக்கமோ தோன்றினால், தேர்வு அடுத்த வாரமே இருந்தாலும், ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.