எத்தனை ஸ்டார் தருவீங்க பாட்டி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அம்பத்தூர் வீட்டில் அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி, "கண்ணு, அந்தக் கண்ணாடிய எடுத்துக் குடும்மா" என்றார். என் மகளுக்கு நாலரை வயது. இடத்தை விட்டு நகரவில்லை. "எத்தனை ஸ்டார் தருவீங்க பாட்டி?" என்று கேட்டாள். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த அட்டவணையை எக்ஸலில் போட்டு, கலர் பிரிண்ட் எடுத்து, ஃப்ரிட்ஜில் ஒட்டியவன் நான்தான்.

பல் தேய்த்தால் ஒன்று. தட்டில் மிச்சம் வைக்காவிட்டால் இரண்டு. அழாமல் ஸ்கூலுக்குக் கிளம்பினால் மூன்று. இருபது சேர்ந்தால் பொம்மை. முதல் இரண்டு வாரம் பிரமாதமாக ஓடியது. மூன்றாவது வாரம் பேரம் ஆரம்பித்தது.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்தவர். பீஸ் ரேட்டில் எண்ணிக்கை ஏறும், ஆனால் நின்று அளவு பார்ப்பவனுக்கு நஷ்டம் என்பார். பட்டறைக்காவது அதில் ஒரு நியாயம் உண்டு, அது சம்பளம். நாமோ நாலு வயதுக் குழந்தையைச் சோறு தின்பதற்கும் பாட்டிக்கு உதவுவதற்கும் பீஸ் ரேட்டில் அமர்த்தியிருக்கிறோம்.

இது வெறும் புலம்பல் இல்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடப் பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. ஆக, கெடுத்தது பரிசு அல்ல, 'செய்தால் தருவேன்' என்ற ஒப்பந்தம். 1999-இல் டெசி, கோஸ்ட்னர், ரையன் 128 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதேதான் வந்தது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குப் பாதிப்பு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை தெருவுக்கொரு ப்ளே ஸ்கூல். பல பலகைகளில் மாண்டிசோரி பெயர் இருக்கிறது. உள்ளே போனால் சுவர் முழுக்க ஸ்டார் சார்ட். அந்த அம்மையார் 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். உலகப் போரால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கியவர். பரிசும் தண்டனையும் இரண்டுமே வேண்டாம் என்று எழுதியவர். பரிசாக வெள்ளிச் சிலுவை அணிந்த ஒரு குழந்தை தன் வேலையில் மூழ்கி அதைப் பொருட்படுத்தாமல் இருந்ததையும், தண்டனை பெற்று உட்கார்ந்திருந்த இன்னொரு குழந்தை அதைக் கேட்டு வாங்கி அணிந்துகொண்டதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். வேலை இருக்கிற குழந்தைக்கு மெடல் தேவைப்படவில்லை. அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு ஸ்டார் ஒட்டுவதை என்னவென்று சொல்வது?

"அப்போ அடிக்கிறதா? அதுக்கு இது எவ்வளவோ மேல்" என்பார்கள். மேல்தான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்திருக்கிறது, சரியே. ஆனால் பிரம்பும் ஸ்டாரும் குழந்தைக்குச் சொல்வது ஒன்றுதான்: நீ செய்வதற்கான காரணம் உன்னிடம் இல்லை, என் கையில் இருக்கிறது. சில குழந்தைகளுக்குச் சிகிச்சையின் பகுதியாகப் பரிசு தேவைப்படலாம். கொஞ்சமும் ஆசையில்லாத வேலையில் அதனால் பெரிய சேதமும் இல்லை. என் சண்டை, இயல்பாக வருவதற்கும் விலை ஒட்டுவதோடுதான்.

"சத்துணவும் பரிசுதானே, அதைக் காட்டித்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைத்தோம்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். இல்லை. காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவும் சமத்தாக இருந்தால்தான் தட்டு என்று எந்தக் குழந்தையிடமும் சொல்லவில்லை. கணக்கு வராத பிள்ளைக்கும் சோறு உண்டு. பசி என்ற தடையை நகர்த்தினார்கள், அவ்வளவுதான். அரசாங்கம் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு நிபந்தனை இல்லாமல் போடுகிற சோற்றை, நான் ஒரே குழந்தைக்கு ஸ்டார் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அட்டவணையைக் கிழித்துவிட்டேன். அவள் கணக்கில் பதினேழு ஸ்டார் இருந்தது. கடன் கடன்தான் என்று பொம்மையை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிழித்தேன். ஒரு வாரம் வீடு ரணகளம். பல் தேய்க்க வைப்பதற்குள் ஆபீஸ் கேப் போய்விடும்.

இப்போதும் பாட்டி கேட்கும்போதெல்லாம் கண்ணாடி வந்துவிடுவதில்லை. விளையாட்டில் இருந்தால் "இருங்க பாட்டி" என்கிறாள். ஆனால் கொண்டுவந்தால், தன் பாவாடையில் துடைத்து, அவளே பாட்டியின் காதில் மாட்டிவிடுகிறாள். என் எக்ஸல் ஷீட்டில் அப்படி ஒரு வரிசையே இருந்ததில்லை.