குறிப்பில்லாமல் பூம்பாவை யார்?

பாட்டுக்குப் பின்னணி சொல்லக் கூடாது, பாட்டே பேசும் என்கிறார்கள். இலக்கியக் கூட்டங்களில் இது வேதவாக்காகிவிட்டது. மயிலாப்பூரிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

திருஞானசம்பந்தரின் மயிலைப் பதிகம் ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று விழாக்களை வரிசையாகச் சொல்லி, இவற்றைக் காணாமலே போகிறாயோ என்று பூம்பாவையைக் கேட்கிறது. கதை தெரியாதவருக்கு அது ஊர்த் திருவிழாக்களின் அழகான பட்டியல். சிவநேசரின் மகள் பாம்பு தீண்டி இறந்தவள், எலும்பும் சாம்பலுமாய்க் குடத்தில் இருப்பவளிடம்தான் இந்தக் கேள்வி என்று அறிந்தவருக்கோ, ஒவ்வொரு விழாவும் அவள் வாழாமல் போன ஒரு நாள். எழுத்து ஒன்றேதான். தொண்டையை அடைப்பது இரண்டாவது வாசிப்பு.

அந்தக் கதை பெரியபுராணத்தில் சேக்கிழார் சொன்னது, பிற்காலத்தது என்பார்கள். உண்மைதான். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு, பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு. இதைச் சொல்வதும் பின்னணி தருவதுதானே? பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவர் நாளன்று கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவை உயிர்பெறும் நிகழ்ச்சியைப் பார்க்கிறவரிடம், எது பதிகத்துக்குள் இருக்கிறது, எது பின்னால் வந்து சேர்ந்தது என்று பிரித்துச் சொன்னால் போதும். மீதியை அவரே தீர்மானிப்பார்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது இதைத்தான் செய்தார். ஏட்டில் இருந்த திணை, துறை, பாடியவர் குறிப்புகளை அவர் தள்ளவுமில்லை, பாட்டோடு கலக்கவுமில்லை. பெசன்ட் நகரில் அவர் பெயரால் நூல்நிலையம் நிற்கும் இந்த நகரத்திலா குறிப்புகளைச் சுமை என்பது? புறநானூற்றின் 112ஆம் பாட்டில் வள்ளல் பாரியின் பெயர் இல்லை, அவனுடைய பறம்பு மலையின் பெயரும் இல்லை. தந்தையையும் குன்றையும் இழந்த யாரோ அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் பாரி மகளிர் என்பது குறிப்பால் மட்டுமே தெரிகிறது. குறிப்பு வேண்டாம் என்கிறவர்களும் அதைப் பாரி மகளிர் பாட்டு என்றே சொல்கிறார்கள்.

பின்னணி பாட்டைக் குறுக்கிவிடுமாம். குறுக்குவது துண்டிப்புதான். புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் பாடிய 192ஆம் பாட்டை ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற முதல் அடியோடு நிறுத்தி மேடை முழக்கமாக்கியிருக்கிறோம். நன்மையும் தீமையும் பிறர் தருவதில்லை, சாவு புதிதில்லை, உயிர் ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பம், அதனால் பெரியோரை வியக்க மாட்டோம், சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று பாட்டு மேலே போகிறது. பதவிக்கும் பணத்துக்கும் மாலை போடும் மேடைகளில் முதலில் படிக்க வேண்டியது அந்தக் கடைசி அடிகளைத்தான்.