வழியில் நிற்கும் வண்டிகள்

வவுனியாவைக் கடந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ9 வீதியில், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே, முன்மூடி திறந்தபடி வெயிலில் நிற்கும் பழைய மோட்டார் வண்டியைக் காணாத பிரயாணி இரார். றேடியேற்றர் கொதித்திருக்கும், அல்லது விசிறிப்பட்டி அறுந்திருக்கும். பெண்களும் குழந்தைகளும் மரநிழலில் குந்தியிருப்பர். பின்னால் வருவோரை எச்சரிக்க இலைக்கொப்பொன்று வீதியிற் கிடக்கும். (சில்லுக்கு அண்டை கொடுத்த கல்லை நடுவீதியில் விட்டுப்போகும் புண்ணியவான்களைப் பற்றிப் பிறிதொரு வாரம் எழுதுவோம்.)

இத்தகைய வண்டிகளை வீதிக்குக் கொண்டுவருவானேன் என்று கொழும்பிலே சிலர் கேட்கின்றனர். வேறு வண்டி வாங்க வழிவிட்டது யார் என்று நாம் திருப்பிக் கேட்கின்றோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் நாட்டிலிருந்த வண்டிகளே கைமாறின, விலை ஏறின, மேலும் முதிர்ந்தன. தடை நீங்கியதும் வரி வந்து குறுக்கே நின்றது. வண்டியின் விலையைக் காட்டிலும் அதன்மீது விழும் வரி பெரிதாயிருக்குமானால், சம்பளத்தில் வாழும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் தந்தை விட்டுச்சென்ற வண்டியைத் தட்டிக்கொட்டி ஓட்டாமல் யாது செய்வர்?

பழைய வண்டியைப் பேணும் வித்தையை எமக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது குடாநாட்டில் பெற்றோல் அரும்பொருளாயிற்று. ஒரு சிறங்கை பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர் எம்மவர். புகை கண்ணைக் கரித்தது. ஆயினும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் நோயாளரை ஆஸ்பத்திரியிற் சேர்த்தன. அந்தக் கராஜ்காரர்களின் கைவண்ணம் எந்தச் சர்வகலாசாலையிலும் கற்பிக்கப்பட்டதன்று.

ஆயினும் அப்பெருமையை இன்றைய அசட்டைக்குப் போர்வையாக்க நாம் உடன்படோம். கொதித்த றேடியேற்றர் வழியில் மறிக்கும், அவ்வளவே. அதுவும், சூடு தணியுமுன் அதன் மூடியைத் திறப்பவனுடைய கையையும் முகத்தையும் வேகவைத்துவிடும். பிரேக் விட்டுப்போனாலோ வண்டி நிற்கவே நிற்காது. காலங்கடந்த ரயரும் அவ்வாறே ஆளை ஏமாற்றும்: பூத் தேயாதிருக்கும், உள்ளே றப்பர் இறுகி வெடித்திருக்கும். ரயரின் விலாவில் பொறித்த நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். தூரப் பயணத்துக்கு முன் அதைப் பார்க்க ஒரு நிமிடமும் செல்லாது.

அரசாங்கத்தார் எதைப் பார்க்கின்றனர்? 2008 முதல் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் பெறுமுன் புகைப் பரிசோதனை செய்விக்கின்றனர். நன்று. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழும் கேட்கின்றனர். தனியார் காரிலோ, புகையைச் சோதிப்போர் பிரேக்கை எட்டிப் பார்ப்பதில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தே எம்மவர் அவ்வீதியைக் கடக்கின்றனர். பிரேக் பார்க்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டார்கள் போலும்!

புகைப் பரிசோதனை நடக்கும் அதே வேளையில் பிரேக்கும் ரயரும் பார்க்கப்படல் வேண்டும். குறை கண்டால் உடனே தண்டம் விதியாது, திருத்தத் தவணை தருக. 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதிசேர் வரியிலிருந்து அவ்விரு பொருள்களுக்கேனும் திறைசேரி விலக்களிக்கட்டும். புதிய வண்டிக்கு வரிச்சுவர் எழுப்பியவர்கள், பழைய வண்டியிற் செல்வோரின் உயிருக்காக இந்தச் சிறு வருமானத்தையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்.