எலுமிச்சம்பழமும் பிளாட்டினத் தூளும்

ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஓடும் பெட்ரோல் கார்கள் பலவற்றில் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. அவை எந்தக் கேட்டைத் தடுத்தன என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் அதே காரின் புகைக்குழாயில் "கன்வெர்ட்டர்" என்றொரு பெட்டி உண்டு. அதனுள் தேன்கூடு போன்ற பீங்கான் அறைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் சில கிராமே, கண்ணுக்குத் தெரியாத துகளாய்ப் படிந்திருக்கின்றன. மேற்பரப்பு மாத்திரமே வேலை செய்யுமாதலால், கட்டியாய் வைத்தால் உள்ளிருக்கும் உலோகம் வீண். ஆகவேதான் துகளாக்கிப் பரப்பினார்கள். விஷமாகிய கார்பன் மோனாக்சைடு அதில் பட்டுக் கரியமிலவாயுவாகிறது, உலோகமோ செலவாவதில்லை. ஈயம் பட்டால் அது கெட்டுப்போகும். எனவே 1995 ஏப்ரலில் சென்னையில் புதுக் கார்களுக்கு இப்பெட்டி கட்டாயமானபோது ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. கெட்ட பெட்டியை மாற்றாமல் பழத்தை மட்டும் மாற்றுவது என்ன புத்தி? புகையைக் குடிப்பவன் தெருவில் நடக்கும் ஏழையல்லவா?